பாதி காபி, பாதி பால்: ஸ்பெயின் வீட்டுக் காலைக் காபி

வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கிறவர்களுக்கு 'ஸ்பானிஷ் லாட்டே' புதிதல்ல. துபாய், தோஹா கஃபேக்களின் விலைப்பட்டியலில் அது தவறாமல் இருக்கும். சென்னைக்கும் வந்துவிட்டது. எஸ்பிரெசோ, பால், ஒரு கரண்டி கண்டென்ஸ்டு மில்க், பெரும்பாலும் மேலே ஐஸ். குடிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மாட்ரிட்டில் ஒரு சாதாரணத் தெருமுனைப் பாரில் அந்தப் பெயரைச் சொன்னால் எதிரே நிற்பவர் விழிப்பார். ஸ்பெயின்காரர் காலையில் குடிப்பது 'கஃபே கோன் லெச்சே', அதாவது பால் விட்ட காபி. டப்பாப் பால் கிடையாது, பட்டைத்தூள் கிடையாது, மேலே நுரைக் கோலமும் கிடையாது. இத்தனை எளிய ஒன்றுக்கு விளக்கம் எதற்கு என்று கேட்கலாம். பொருள் இரண்டே என்பதால்தான் விளக்கம் தேவைப்படுகிறது. இதில் ஒன்றின் குறையை மறைக்க மூன்றாவது பொருள் எதுவும் இல்லை.

முதலில் அந்த ஊர் வழக்கம். அங்கே பார் என்றால் மது விற்கும் இடம் மட்டும் அல்ல. காலையில் காபியும் ரொட்டியும், மதியம் சாப்பாடு, மாலையில் பீர் என்று நாள் முழுக்க ஒரே கதவு திறந்திருக்கும். வேலைக்குப் போகிற வழியில் நின்றபடியே ஒரு காபி. பத்தரை, பதினொரு மணிக்கு அலுவலகத்திலிருந்து இறங்கி வந்து இன்னொன்று. கேட்கும்போது வெறுமனே 'காபி' என்று கேட்கிறவர் குறைவு. பால் இல்லாதது 'சோலோ'. கொஞ்சம் பால் விட்டுக் காட்டம் குறைத்தது 'கொர்த்தாதோ'. பாதிக்குப் பாதி என்று சொல்லப்படுவது கஃபே கோன் லெச்சே. பாலில் காபிக் கறை மட்டும் பட்டது 'மஞ்சாதோ'. கடைக்காரர் அத்தோடு விடமாட்டார். பால் சூடாகவா, வெதுவெதுப்பாகவா, குளிர்ந்தா என்று கேட்பார். கோப்பையிலா, கண்ணாடித் தம்ளரிலா என்பது அடுத்த கேள்வி.

தெற்கே மாலகா நகரத்தில் இந்த நுணுக்கம் உச்சத்துக்குப் போயிற்று. அங்கே கஃபே சென்ட்ரல் என்ற பழைய கடையில் காபிக்கும் பாலுக்குமான விகிதத்தைப் படிப்படியாகக் கண்ணாடித் தம்ளர்களில் வரைந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்து, ஓடுகளில் பதித்துச் சுவரில் மாட்டியிருந்தார்கள். முழுக் காபியில் தொடங்கி, நடுவில் 'பாதி', பிறகு 'நிழல்', அப்புறம் 'மேகம்' என்று போகும் வரிசை. கடைசித் தம்ளர் காலி. 'எனக்கு வேண்டாம்' என்று அதன் பெயர். உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய பற்றாக்குறைக் காலத்தில், வாடிக்கையாளர்கள் விகிதம் சரியில்லை என்று திருப்பி அனுப்பும் காபி வீணாகாமல் இருக்கக் கடைக்காரர் செய்த ஏற்பாடு என்று சொல்வார்கள். கடை 2022இல் மூடப்பட்டுவிட்டது. பெயர்கள் நகரத்தில் இன்னும் புழங்குகின்றன.

கஃபே கோன் லெச்சேயை வைத்து நாடே சிரித்த ஒரு தருணமும் உண்டு. 2013 செப்டம்பரில் புவெனஸ் ஐரிஸில், 2020 ஒலிம்பிக் போட்டியைத் தங்கள் ஊருக்குக் கேட்டு மாட்ரிட் மேயர் ஆனா பொத்தெய்யா ஆங்கிலத்தில் பேசினார். பிளாசா மயோர் சதுக்கத்தில் உட்கார்ந்து நிதானமாக ஒரு கஃபே கோன் லெச்சே குடிப்பதைப் போன்ற இன்பம் வேறில்லை என்ற பொருள்படச் சொன்னார். அவருடைய உச்சரிப்பையும் ஆங்கிலத்துக்கு நடுவே வந்து விழுந்த அந்த ஸ்பானியச் சொற்களையும் வைத்து ஸ்பெயின்காரர்களே மாதக்கணக்கில் கேலி செய்தார்கள். போட்டி டோக்கியோவுக்குப் போயிற்று. என்னைக் கேட்டால் அவர் சொன்ன சங்கதியில் குறையே இல்லை.

பாதிக்குப் பாதி என்ற கணக்கை இங்கே கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். பழைய பெரிய கஃபேக்களில், 1888இல் தொடங்கி இன்றும் நடக்கிற மாட்ரிட்டின் கஃபே கிஹோன் போன்ற இடங்களின் காலத்தில், காபி எஸ்பிரெசோ இயந்திரத்தில் வரவில்லை. பெரிய பாத்திரத்தில் வடித்து வைத்திருப்பார்கள். அதை ஊற்றுவதற்கென்றே 'எச்சதோர்' என்று ஓர் ஆள் இருந்தார். ஒரு கையில் காபிக் கூஜா, மறு கையில் பால் கூஜா. மேசைக்கு வந்து, குடிப்பவர் போதும் என்று சொல்லும்வரை ஊற்றுவது அவர் வேலை. அப்படி வடித்த காபிக்குச் சரிபாதி பால் பொருந்தும். எஸ்பிரெசோ இயந்திரம் வந்தபின் கணக்கு மாறிவிட்டது. ஒரு முறை இறக்கும் எஸ்பிரெசோ ஏறக்குறைய 30 மில்லி. கொஞ்சம் நீட்டி இறக்கினாலும் 40, 50தான். கோப்பையோ 150 மில்லிக்குக் குறையாது. ஆக, இன்றைய பாரில் கிடைப்பது பேச்சில் பாதி, அளவில் பால் கூடுதல். சரிபாதி என்பது இன்று மெய்யாக வாழ்வது வீட்டு அடுக்களையில், மோக்கா பாட்டில் இறக்குகிற காபியில்தான். அதனால் வீட்டுக் காபியைப் பாரில் குடிப்பதன் ஏழை நகல் என்று நான் நினைப்பதில்லை. விகிதத்தைப் பொறுத்தவரை பழைய முறைக்கு நெருக்கமானது அதுதான்.

விகிதத்துக்கு அடுத்தது சுவை. ஸ்பெயினில் வளர்ந்தவர் நாவில் பதிந்திருக்கும் காபிக்கு ஒரு தனிக் கசப்பு உண்டு. கறுப்பான, சற்றுக் கருகிய, தொண்டையில் நிற்கிற கசப்பு. காரணம் 'தொர்ரெஃபாக்தோ' என்ற வறுவல். காபிக்கொட்டையை வழக்கம்போல் வறுத்து, முடிகிற தறுவாயில் சர்க்கரையைச் சேர்ப்பார்கள். அந்தச் சூட்டில் சர்க்கரை உருகிப் பாகாகி, பாகு நிலையையும் தாண்டிக் கருகி, கொட்டைமேல் பளபளவென்று ஒரு கரிய பூச்சாகப் படிந்துவிடும். 100 கிலோ பச்சைக் கொட்டைக்கு 15 கிலோ வரை சர்க்கரை சேர்க்க அந்நாட்டுச் சட்டம் இடம் தருகிறது. இவ்வளவு சர்க்கரை சேர்ந்தால் காபி இனிக்கும் என்று எண்ணத் தோன்றும். இனிக்காது. கருகிய சர்க்கரையில் இனிப்பு ஏது? எஞ்சுவது நிறமும் கசப்பும்தான்.

படாஹோஸ் நகரத்து வணிகர் ஹோசே கோமெஸ் தெஹெதோர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த முறையை ஸ்பெயினில் பரப்பியதாகச் சொல்வார்கள். சர்க்கரைப் பூச்சு கொட்டையைக் காற்றுப் படாமல் காக்கும், வாசம் போகாது என்பது அன்றைய வாதம். ஆனால் இது நாடு முழுக்க வேரூன்றியது வறுமையினால். 1936 முதல் 1939 வரை உள்நாட்டுப் போர். அதன்பின் ரேஷன் அட்டை 1952 வரை நீடித்தது. காபி கிடைப்பதே அரிது, கிடைத்தாலும் மட்டரகம். சர்க்கரையில் கருக்கினால் மட்டரகம் வெளியே தெரியாது. கொஞ்சம் தூளிலேயே கறுப்பு நிறம் இறங்கும். சர்க்கரையின் எடையும் கொட்டையின் எடையோடு சேர்ந்துகொள்ளும். விற்பவருக்கு மூன்று லாபம். காபியே வாங்க முடியாதவர்கள் சிக்கரி வேரையும் வறுத்த பார்லியையும் காய்ச்சிக் குடித்தார்கள். போர்ச்சுகல் எல்லையோரக் கிராமங்களில் காபி மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு இரவில் எல்லை தாண்டிய கடத்தல்காரர்கள் இருந்தார்கள். 'மோச்சிலேரோ' என்று பெயர். பெரும்பாலும் கூலி வேலைகூடக் கிடைக்காத ஏழைகள். போர்ச்சுகலுக்கு அன்று ஆப்பிரிக்கக் காலனிகளிலிருந்து காபி தாராளமாக வந்துகொண்டிருந்தது.

பஞ்சம் தீர்ந்த பின்னும் நாக்கு மாறவில்லை. இன்றும் ஸ்பானிய மளிகைக் கடையில் காபிப் பாக்கெட்டுகளில் 'நத்துரால்', 'மெஸ்க்லா' என்று இரண்டு வகை இருக்கும். முன்னது சாதாரண வறுவல் மட்டும். பின்னது கலவை: 80க்கு 20, 70க்கு 30, 50க்கு 50 என்று சாதாரண வறுவலும் சர்க்கரை வறுவலும் சேர்ந்தது. புதிய தலைமுறைக் காபிக் கடைக்காரர்கள் சர்க்கரை வறுவலை ஒரு பாவமாகவே பேசுகிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. நல்ல கொட்டையின் வாசத்தை அது மூடிவிடும். ஆனால் கஃபே கோன் லெச்சேயின் அமைப்பே அந்தக் கசப்பைச் சுற்றித்தான் வளர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அவ்வளவு பாலும் அதன்மேல் சர்க்கரையும் விழுந்த பிறகும் காபி என்று தலைநீட்ட அதற்குக் கசப்பு வேண்டியிருக்கிறது. மென்மையான, பழவாசமுள்ள, இளவறுவல் அரபிகாவைக் கொண்டு இதைச் செய்தால் கிடைப்பது விலையுயர்ந்த வெறும் பால்.

இனி அடுப்புக்கு வருவோம். ஸ்பானிய வீடுகளில் மோக்கா பாட்டை 'இத்தாலியக் கஃபெத்தேரா' என்றே சொல்வார்கள். 1933இல் இத்தாலியின் அல்ஃபோன்சோ பியலெத்தி கொண்டுவந்த எண்கோண அலுமினியப் பாத்திரம்தான் அது. அதற்கு முன் கிராமங்களில் பானையில் வெந்நீர் வைத்து, காபித்தூளைப் போட்டு இறக்கி, துணியில் வடிப்பார்கள். இப்போது காப்ஸ்யூல் இயந்திரம் நிறைய வீடுகளில் புகுந்துவிட்டது. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. பொத்தானை அழுத்தினால் வரும்.

மோக்கா பாட் வேலை செய்யும் விதம் தெரிந்தால் பாதித் தவறுகள் வராது. கீழ்க்கலத்தில் தண்ணீர், அதற்குமேல் சல்லடைக் கிண்ணத்தில் தூள், மேலே வெறும் கலம். அடுப்பில் வைத்ததும் தண்ணீருக்கு மேலே இருக்கும் காற்றும் நீராவியும் விரிந்து, தண்ணீரைக் குழாய்வழி தூளுக்குள் தள்ளுகின்றன. எஸ்பிரெசோ இயந்திரத்தின் அழுத்தம் 9 பார் என்றால் இதில் 2 பாரைத் தாண்டுவது அரிது. ஆகவே எஸ்பிரெசோ மாதிரி தேன்நிறப் படலத்தை இதில் எதிர்பார்க்கக் கூடாது. வருவது அடர்ந்த, தெளிவான காபி.

'மூன்று கப்' என்று விற்கும் அளவுள்ள பாத்திரம் இரண்டு பேருக்குச் சரி. அந்தக் 'கப்' எஸ்பிரெசோ கோப்பை அளவு என்பதைக் கவனிக்க வேண்டும்; நம் தம்ளர் அல்ல. கீழ்க்கலத்தின் பக்கவாட்டில் ஒரு சிறு பித்தளை வால்வு இருக்கும். தண்ணீர் அதற்குக் கீழே நிற்க வேண்டும். ஏறக்குறைய 150 மில்லி பிடிக்கும். கொதிக்க வைத்த தண்ணீரையே ஊற்றிவிடுவது நல்லது. குளிர்ந்த நீரை ஊற்றினால் அது சூடேறுவதற்குள் தூளும் வெந்து கருகல் வாடை ஏறும். பிறகு 15 முதல் 17 கிராம் தூள். கிண்ணம் நிறையக் கொட்டி, விரலால் மட்டம் தட்டி விடுங்கள், அழுத்த வேண்டாம். எஸ்பிரெசோவுக்கு அரைப்பதுபோல் மாவாக அரைத்த தூள் அடைத்துக்கொள்ளும்; அழுத்தம் வழியில்லாமல் வால்வு வழியே சீறும். தூள் உப்பைவிடக் கொஞ்சம் நைஸாக இருந்தால் போதும். கீழ்க்கலம் சுடும் என்பதால் துணியால் பிடித்துத் திருகி மூடுங்கள்.

தீ சின்னதாக இருக்கட்டும். மேல்மூடியைத் திறந்தே வைத்துப் பார்த்தால் நடப்பது கண்ணுக்குத் தெரியும். முதலில் கரும்பழுப்பாக, தடித்து, மெதுவாக வழியும். பிறகு நிறம் வெளிறி மஞ்சளாகும். அதோடு குபுகுபுவென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் முழுதாக எழுவதற்கு முன்பே இறக்கிவிட வேண்டும். கடைசியில் வருவது நீராவியோடு கலந்த கொதிநீர்; தூளில் எஞ்சியிருக்கும் துவர்ப்பையும் கெட்ட கசப்பையும் அதுதான் இழுத்துக்கொண்டு வருகிறது. கீழ்க்கலத்தைக் குழாய்த் தண்ணீரில் சட்டென்று காட்டினால் வழிவது நின்றுபோகும். நல்ல கசப்பு வேறு, இந்தக் கசப்பு வேறு. பெரும்பாலான வீடுகளில் மோக்கா பாட்டை அலமாரிக்கு அனுப்பியது இந்தக் கடைசி அரை நிமிஷம்தான். 120 மில்லி காபி கிடைத்தால் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பால் பக்கம் திரும்பினால் ஸ்பெயினுக்கும் நமக்கும் ஒரு பெரிய வித்தியாசம். அங்கே கடையில் விற்கும் பாலில் மிகப் பெரும்பகுதி அட்டைப் பெட்டியில் வரும் யூஎச்டி பால். சில வினாடிகளே என்றாலும் 135 டிகிரிக்கு மேல் சூடு காட்டியது. அதற்கென்று ஒரு காய்ச்சிய வாசம் உண்டு. ஸ்பானியக் காபியின் சுவையில் அதுவும் ஒரு பங்கு. கொழுப்பு நீக்காத பாலில் 3.5 சதவீதம் கொழுப்பு இருக்கும். நம்மூரில் 3 சதவீத நீலப் பாக்கெட்டுக்கும் 4.5 சதவீதப் பச்சைப் பாக்கெட்டுக்கும் இடைப்பட்ட பதம். பச்சையும் அதற்கு மேற்பட்ட கொழுப்புப் பாலும் நம் டிகாக்‌ஷனுக்கு நல்லவை. இந்தக் காபியில் அவை நாவில் படிந்து காபியைத் தள்ளிவைத்துவிடும். நீலப் பாக்கெட் போதும். ஸ்பானிய வாசமே வேண்டும் என்றால் டெட்ரா பாக்கெட் பாலை வாங்கலாம்.

சூட்டைப் பற்றித்தான் நம் கை அடங்க வேண்டும். பால் பொங்கினால்தான் நமக்குத் திருப்தி. ஆனால் 70 டிகிரியைத் தாண்டும்போது பாலின் மோர்ப்புரதங்கள் மடிப்புக் குலைந்து கந்தகச் சேர்மங்களை விடத் தொடங்குகின்றன. காய்ச்சிய பாலின் வாசம் அங்கிருந்து வருகிறது. மேற்பரப்பில் நீர் ஆவியாக ஆகப் புரதமும் கொழுப்பும் சேர்ந்து ஆடை கட்டும். கஃபே கோன் லெச்சேக்கு 65, 70 டிகிரி போதும். பாத்திரத்தின் விளிம்பைச் சுற்றிச் சிறு குமிழிகள் தோன்றி, ஆவி எழ ஆரம்பித்ததும் அணைத்துவிடலாம். பாக்கெட் பால் பாஸ்டர் முறையில் பதப்படுத்தியது. டெட்ரா பால் அதற்கும் மேல். கறந்த பாலாக இருந்தால் மட்டும் ஒருமுறை நன்றாகக் காய்ச்சியே தீர வேண்டும். பிறகு ஆறவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பெயினிலும் ஒரு தலைமுறைக்கு முன்புவரை பால்காரரிடம் வாங்கிக் காய்ச்சியவர்கள்தான். பொங்கி வழியாமல் இருக்க, நடுவில் புகைபோக்கி போன்ற துளையுள்ள மூடியோடு பால் காய்ச்சும் பாத்திரம் ஒன்று எல்லா வீட்டிலும் இருந்தது. குழந்தைகள் காபியிலோ பாலிலோ ஆடை மிதந்தால் முகம் சுளிப்பார்கள். அதே ஆடையைத் திரட்டி ரொட்டியில் தடவிச் சர்க்கரை தூவிக் கொடுத்தால் சண்டை போட்டுச் சாப்பிடுவார்கள். இன்று பெரும்பாலான வீடுகளில் பாலை மைக்ரோவேவில் வைத்து எடுத்துவிடுகிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு நிமிஷத்துக்கு ஒருமுறை கலக்கினால் சரி.

கலப்பது கடைசி வேலை. தம்ளரில் முதலில் 60 மில்லி காபி. சர்க்கரை போடுகிறவர்கள் இப்போதே போட்டுக் கலக்கட்டும். சூடான காபியில் அது சட்டென்று கரையும். பிறகு 60 மில்லி பால். ஆற்றக் கூடாது. நுரை எழுப்பி வாசம் விடுவது நம் காபிக்கு அழகு. இதற்குக் காபி அமைதியாகப் பாலில் கரைவதே முறை. நிறம் வெளிறிய கேரமல் போல இருந்தால் பால் கூடிவிட்டது. செம்மண் நிறத்தில் நின்றால் சரி.

மோக்கா பாட் இல்லையா? நம் பில்டர் டிகாக்‌ஷன் உதவும், ஒரு திருத்தத்தோடு. முதல் டிகாக்‌ஷன் மோக்கா பாட் காபியைவிட நல்ல அடர்த்தி. அதனால்தான் நாம் மூன்று பங்கு பால் விடுகிறோம். அதை நேரே சரிபாதி பாலில் விட்டால் வாயில் வைக்க முடியாது. டிகாக்‌ஷனுக்குச் சம அளவு வெந்நீர் சேர்த்தால் ஏறக்குறைய வேண்டிய பதத்துக்கு வரும். அதன்பின் பாதிக்குப் பாதி. இன்ஸ்டன்ட் தூளால் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தூளில் சிக்கரி இருக்கலாமா என்று தமிழ் வீட்டில் கேள்வி வராமல் போகாது. இந்தியச் சட்டப்படி சிக்கரி கலந்த காபித்தூளில் காபி 51 சதவீதமாவது இருக்க வேண்டும்; அதாவது 49 வரை சிக்கரி போகலாம். அந்த உச்சத்துக்குப் போகாதீர்கள். சர்க்கரை வறுவல் நமக்குக் கிடைக்காது என்பதால், கறுப்பாக வறுத்த கொட்டையோடு 15 சதவீதம் சிக்கரி கலந்தால் அந்த நிறமும் தடிமனும் கசப்பும் ஓரளவு கிடைக்கும். ரேஷன் காலத்தில் சிக்கரியையே காபி என்று குடித்த நாட்டின் பானத்தில் இதைச் சேர்ப்பது அபசாரம் ஆகாது. கொட்டையில் கொஞ்சம் ரொபஸ்டா இருப்பதும் நல்லதே. ஸ்பெயின் வாங்கும் காபியில் வியட்நாமின் ரொபஸ்டாவுக்குப் பெரிய இடம் உண்டு. சிக்கரி நீரை இழுத்து ஊதும் பொருள் என்பதால் மோக்கா பாட் கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பாமல் சற்றுக் குறைத்துப் போடுங்கள்.

கண்டென்ஸ்டு மில்க் போட்டால் தவறா என்றால், தவறில்லை, அது வேறு பானம். வலென்சியாப் பகுதியில் சிறு கண்ணாடித் தம்ளரில் டப்பாப் பாலை ஊற்றி, மேலே எஸ்பிரெசோவை மெதுவாக இறக்கி, இரண்டு நிற அடுக்காகத் தருவார்கள். 'கஃபே போம்போன்' என்று பெயர். கேனரித் தீவுகளில் டப்பாப் பாலும் சாதாரணப் பாலும் இரண்டும் சேர்த்துக் குடிக்கிறார்கள். வளைகுடாவின் ஸ்பானிஷ் லாட்டேவுக்கு உறவு தேடினால் இந்தப் பக்கம்தான் தேட வேண்டும். அவை சாப்பாட்டுக்குப் பிறகு இனிப்புக்குப் பதிலாகக் குடிப்பவை, காலை வெறும் வயிற்றுக்கு அல்ல.

கூடவே என்ன தின்பது? பாரில் என்றால் வாட்டிய ரொட்டியில் ஆலிவ் எண்ணெயும் துருவிய தக்காளியும், அல்லது பொரித்த மாவுக் குச்சியான சுரோ. வீட்டில் பெரும்பாலும் பிஸ்கட், அதுவும் நமக்கு நன்றாகத் தெரிந்த மேரி பிஸ்கட். 1874இல் ஒரு ரஷ்ய இளவரசி ஆங்கில இளவரசரை மணந்தபோது லண்டன் நிறுவனம் ஒன்று அவர் பெயரில் வெளியிட்ட பிஸ்கட் அது. உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஸ்பெயினில் இதைக் குவியல் குவியலாகச் செய்தார்கள். இன்று ஸ்பானியக் குழந்தைகளின் காலை உணவே அதுதான் என்று சொல்லலாம். காபியில் முக்கினால் இரண்டு நொடிக்கு மேல் தாங்காது.

ஸ்பெயினிலிருந்து யாராவது ஊருக்கு வருகிறார்கள் என்றால், சாக்லேட் வேண்டாம், 80க்கு 20 மெஸ்க்லா காபித்தூள் ஒரு கால் கிலோ பாக்கெட் வாங்கி வரச் சொல்லுங்கள். 50க்கு 50 வேண்டாம். அந்தக் கசப்பு பழகாத நாக்குக்கு அதிகம்.